ஆற்றை மறைத்தவள்

முன்னொரு காலத்திலே செவ்வந்தி நாட்டை வச்சிரசிங்கன் என்றொரு ராஜா ஆண்டுவந்தான். நல்லவன்தான், ஆனால் நினைத்த மாத்திரத்தில் சட்டம் போட்டுவிடுவான். ஒருநாள் சமையற்காரன் கடைசி அதிரசத்தை ஒளித்து வைத்துவிட்டான். உடனே தண்டோரா முழங்கியது: "ராஜாவின் கண்ணுக்கு எதை மறைத்தாலும் நாடு கடத்தல்!"

ஆற்றங்கரையில் துணிக்குச் சாயம் போடும் அங்காயிக்கு இந்தச் சட்டம் தன்னைத் தேடி வரும் என்று தெரியாது. அவள் சாயம் போட்ட அங்கவஸ்திரத்தை ராஜா சபையிலே புகழ்ந்த நாளிலிருந்து, பிரதானி நரசப்பனுக்கு வயிறு எரிந்துகொண்டிருந்தது. சட்டம் வந்த மறுநாளே அவன் ராஜாவை உப்பரிகைக்கு அழைத்துப் போய்க் காட்டினான்.

"பாருங்கள் மகாராஜா! சேலைகளைக் கட்டித் தொங்கவிட்டு ஆற்றையே மறைத்துவிட்டாள்."

சேவகர்கள் அங்காயியைச் சபைக்கு இழுத்து வந்தார்கள். பிறந்த ஊரை விட்டு எங்கே போவது? ஆனாலும் அவள் நாக்கு நடுங்கவில்லை.

"மகாராஜா, நான் துணி காயப்போட்டேன். ஆறு மறைந்தது. நான் மறைக்கவில்லை."

சிம்மாசனத்துக்கு நேர் எதிரே நின்ற நரசப்பன் சிரித்தான். "மறைந்தது, மறைத்தது! ஒரே ஓர் எழுத்துதான் வித்தியாசம். அதற்காகச் சட்டம் வளையுமா?"

அப்போதுதான் அங்காயி கவனித்தாள். நரசப்பனுக்குப் பின்னால் நாலைந்து குடியானவர்கள் எக்கி எக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"மகாராஜா, பிரதானி ஐயாவுக்குப் பின்னால் எத்தனை பேர் நிற்கிறார்கள்?"

ராஜா கழுத்தை நீட்டினான். "தெரியவில்லையே. தலைப்பாகை மறைக்கிறது."

"அப்படியானால் பிரதானி ஐயாவும் என்னோடு கிளம்ப வேண்டியதுதான். எனக்கும் வழித்துணை ஆயிற்று."

நரசப்பனுக்கு வியர்த்துக் கொட்டியது. "ஐயோ மகாராஜா! நான் சும்மா நின்றேன். அவர்கள்தான் மறைந்தார்கள். நான் மறைக்கவில்லை!"

ராஜா வயிறு குலுங்கச் சிரித்தான். "அந்த ஓர் எழுத்து இப்போது உமக்கும் வேண்டியிருக்கிறதோ? சரி, அவளுக்கும் விடுதலை. நீர் சற்று விலகி நில்லும்."

அவன் விலகியதும் குடியானவர்களில் ஒருவர் கும்பிட்டபடி முன்னே வந்தார்.

"ஐந்து நாளாக வந்து நிற்கிறோம் சாமி. எங்கள் வாய்க்காலை மறித்து, தண்ணீரைத் தன் வெற்றிலைக் கொடிக்காலுக்குத் திருப்பிவிட்டார் பிரதானி. கடைமடையில் நாற்று கருகுகிறது. உங்களிடம் சொல்லிவிடுவோம் என்றுதான் எங்களுக்கு முன்னாலேயே வந்து நின்றுகொள்கிறார்."

ராஜாவின் முகம் சிவந்தது. "அங்காயி, இதை எப்படிச் சொல்வாய்?"

"வாய்க்காலை மறித்தார், மகாராஜா. பிறகு மறித்ததை மறைத்தார். இங்கே 'மறைந்தது' என்று சொல்லித் தப்ப வழியே இல்லை."

"சட்டப்படி உம்மை நாடு கடத்தவேண்டும், நரசப்பரே. ஆனால் நீர் போய்விட்டால் வாய்க்காலில் போட்ட மண் அணையை யார் வெட்டுவது? தலைப்பாகையைக் கழற்றிவிட்டு மண்வெட்டியை எடும்!"

ராஜா தன் சட்டத்தையும் அன்றே ரத்து செய்தான். துணி காயப்போடும் ஆற்றங்கரை நிலத்தை அங்காயி பெயருக்கே பட்டயம் எழுதிக் கொடுத்தான். பொழுது சாய்வதற்குள், முழங்கால் சேற்றில் நின்று நரசப்பன் கடைசி மண்ணையும் வெட்டிப் போட, தண்ணீர் சலசலவென்று கடைமடைக்கு ஓடியது.

அந்தத் தையில் அங்கே நெல் அறுத்தார்கள். முதல் மரக்கால் அங்காயி வீட்டுக்குப் போயிற்று.