ஒரு ஊதுபத்தி நேரம்

உடுமலைப்பேட்டையில் தமயந்தி டீச்சர் போடுகிற தோட்டங்களுக்கு ஒரு பரீட்சை உண்டு. வேலை முடிந்த அன்று டீச்சர் ஓர் ஊதுபத்தியைக் கொளுத்தி மண்ணில் செருகுவார். தோட்டம் கேட்டவர் அங்கே உட்கார வேண்டும். பத்தி எரிந்து தீரும்வரை, அதாவது அரை மணி நேரம், அவர் எழுந்திருக்காமல் இருந்துவிட்டால் தோட்டம் முடிந்தது. நடுவில் எழுந்துவிட்டால் முடியவில்லை. செடி எத்தனை, கல் எத்தனை என்றெல்லாம் டீச்சர் பார்ப்பதே இல்லை.

அவருக்கு ஒரு சீடர் இருந்தார். பெயர் நாச்சிமுத்து. சீடர் என்றதும் பாலகனை நினைத்துக்கொள்ள வேண்டாம். டீச்சருக்கு வயது முப்பத்தாறு, சீடருக்கு ஐம்பத்து மூன்று. அவர் இவரை அண்ணா என்பார். இவர் அவரை டீச்சர் என்பார், அதுவும் எழுந்து நின்றுகொண்டு.

முப்பது வருஷம் கல்யாண மேடை அலங்காரம் செய்த மனிதர் நாச்சிமுத்து. தம்பிக்கு ஆபரேஷன் நடந்த ஒரு நாள், அந்த ஆஸ்பத்திரியின் பின்புறம் டீச்சர் போட்டிருந்த சின்னஞ்சிறு இடத்தில் போய் உட்கார்ந்தார். எழுந்தபோது நெஞ்சுப் படபடப்பு அடங்கியிருந்தது. மறுவாரமே டீச்சர் வீட்டு வாசலில் நின்றார். இரண்டு வருஷம் மண் சுமந்தார், கல் சுமந்தார். இப்போதுதான் டீச்சர் முதல்முறையாக ஒரு தோட்டத்தை முழுசாக அவர் கையில் கொடுத்திருந்தார்.

"பத்தி முடிஞ்சுதுன்னா அடுத்ததுல இருந்து நீங்க தனியாவே போடுங்கண்ணா" என்று சொல்லியிருந்தார்.

அதற்குப் பிறகு நாச்சிமுத்துவுக்குத் தூக்கம் எங்கே வரும்? "மன அமைதித் தோட்டங்கள்" என்று கார்டு அடித்து, ஊரில் பாதிப் பேருக்குக் கொடுத்தும் விட்டார்.

தோட்டம் கேட்டவர் மரகதம். ஆஸ்பத்திரியில் தலைமை நர்ஸ். "இருபத்தெட்டு வருஷமா நின்னுட்டே இருக்கறனுங்க. ஒரு அரை மணி நேரம் சும்மா உட்காரோணும். வேற ஒண்ணும் கேக்கலீங்க" என்றிருந்தார். நாச்சிமுத்து அதைக் கேட்ட அன்றே, இந்த அம்மாவை உட்காரவைக்காமல் விடுவதில்லை என்று உறுதி எடுத்துக்கொண்டார்.

பரீட்சை நாள் வந்தது. சாயங்காலம் ஐந்து மணி. நாச்சிமுத்து பின்கட்டுக் கதவை மேடைத் திரையைத் திறப்பதுபோல் திறந்தார்.

புங்கமரத்தடியில் வெள்ளைக் கூழாங்கல் பரப்பியிருந்தது. நடுவில் கல் இருக்கை. பித்தளை உருளியில் தண்ணீர், அதில் மிதக்கும் பூக்கள். கிளைக்குக் கிளை தொங்கும் விளக்குகள். மரகதம் வாயில் கையை வைத்துக்கொண்டார்.

"இது எனக்கா?"

"உங்களுக்கேதானுங்க அக்கா! உட்காருங்க! உட்காருங்க!"

மரகதத்துக்குக் கண் கலங்கிவிட்டது. போய் உட்கார்ந்தார். அவருடைய கணவர் பொன்னுச்சாமி, மின்வாரியத்தில் ஓய்வு பெற்றவர், கதவோரம் நின்று பெருமையாகப் பார்த்தார். டீச்சர் பத்தியைக் கொளுத்தினார்.

வெள்ளைக் கல்லின் மேல் ஒரு புங்க இலை விழுந்தது.

மரகதம் குனிந்து அதை எடுத்தார். உட்கார்ந்தபடியேதான் எடுத்தார், அதனால் நாச்சிமுத்து மூச்சு விட்டார். இன்னொன்று விழுந்தது, கொஞ்சம் தள்ளி. மரகதம் எழுந்து போய் எடுத்துக்கொண்டு வந்தார். வரும் வழியில் உருளியில் ஒரு பூ வாடியிருந்தது. அதையும் எடுத்தார். உருளியின் விளிம்பில் காக்கை எச்சம். முந்தானையால் துடைத்தார். பிறகு உள்ளே போய்ச் சீமாறை எடுத்து வந்தார்.

பத்தி கால்வாசிகூட எரியவில்லை.

மரகதம் கூட்டிக்கொண்டிருந்தபோது, காலியாகக் கிடந்த இருக்கையில் பொன்னுச்சாமி வந்து உட்கார்ந்தார். "ஆகா" என்றார். பத்தி சாம்பலாகும்வரை கண்மூடி அப்படியே இருந்தார்.

"டீச்சர்! ஒருத்தர் முழுசா உட்கார்ந்துட்டாருங்க!" என்றார் நாச்சிமுத்து.

"தோட்டம் கேட்டது யாருங்கண்ணா?"

நாச்சிமுத்துவின் முகம் சுருங்கியது. "நான் எங்கீங்க தப்புப் பண்ணினேன்?"

"நீங்க போட்ட மேடையை மறுநாள் காலைல பாத்திருக்கீங்களா?"

"முகூர்த்தம் முடிஞ்சதும் பிரிச்சுருவமுங்க."

"அப்படீன்னா நாளைக்கு ஒரு நாள் இந்தத் தோட்டத்தை நீங்க பாத்துக்குங்க. அக்கா நிம்மதியா டூட்டிக்குப் போகட்டும்."

நாச்சிமுத்து விடிந்ததும் வந்தார். கூட்டினார். கூட்டி முடித்த இடத்தில் மறுபடி இலை விழுந்தது. கல்லுக்கு இடையில் போன பூவை விரலால் நோண்டி எடுத்தார். உருளித் தண்ணீரை மாற்றினார். விளக்குக் கண்ணாடியில் செத்துக் கிடந்த பூச்சிகளைத் தட்டினார். பத்து மணிக்கு இடுப்பு விட்டுப்போனது. முப்பது வருஷத்தில் அவர் கட்டிய எதுவும் மறுநாள் காலையைப் பார்த்ததில்லை என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது. அந்த இடுப்பு வலியோடு ஒரே குதியாய்க் குதித்துப் போனை எடுத்தார்.

"டீச்சர்! புடிச்சுட்டனுங்க! எல்லாமே அந்த அக்காவை வேலை வாங்குதுங்க! நான் ஓய்வுன்னு நெனச்சு வெச்சதெல்லாம் வேலைங்க டீச்சர், வேலை!"

"சரிங்கண்ணா."

"எல்லாத்தையும் எடுத்துர்றனுங்க!"

நாலு நாளில் எல்லாம் மாறியது. வெள்ளைக் கல் போய், உதிர்ந்த இலையின் நிறத்திலேயே இருக்கிற பழுப்பு மண் வந்தது. உருளி போனது. விளக்குகள் போயின. மரமும், மரத்தடியும், ஓர் இருக்கையும் மிஞ்சின. மேடை அலங்காரக்காரருக்குக் கை நமநமவென்று அரித்தது. ஆனாலும் ஒரு பூச்சரம்கூடக் கட்டாமல் தன்னை அடக்கிக்கொண்டார்.

மறுபடி சாயங்காலம். மறுபடி பத்தி.

இலை விழுந்தது. மரகதம் அதைப் பார்த்தார். மண்ணோடு மண்ணாக அது கிடந்தது. அவர் கை அசையவில்லை.

கால்வாசி எரிந்தது. பாதி எரிந்தது. முக்கால். நாச்சிமுத்து கதவோரம் நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தார். இன்னும் ஒரு விரற்கடைதான் பாக்கி. அவருக்குக் கைதட்டிக் கூவ வேண்டும்போல் இருந்தது.

"மரகதம்..." உள்ளேயிருந்து பொன்னுச்சாமியின் குரல். "என்ர துண்டு எங்க?"

மரகதம் எழுந்துவிட்டார். எழலாமா வேண்டாமா என்று அவர் யோசித்ததாகவே தெரியவில்லை. குரல் வந்தது, கால் நடந்தது. திரும்பி வந்தபோது பத்தி தீர்ந்திருந்தது.

காலி இருக்கையைப் பார்த்துக்கொண்டு நின்றார் மரகதம். "எனக்கு உட்காரவே தெரியாதாட்ட இருக்குதுங்க டீச்சர்" என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார், ஆனால் குரல் உடைந்திருந்தது. நாச்சிமுத்துவால் அதைத் தாங்க முடியவில்லை. தன் பரீட்சை போனதைவிட அந்தச் சொல் அதிகமாக வலித்தது.

மரகதம் உள்ளே போனதும் அவர் டீச்சரிடம் பாய்ந்து வந்தார்.

"சுவருங்க டீச்சர்! எட்டடிச் சுவரு! அதை ஒட்டி அடர்த்தியா மூங்கில்! தண்ணி சோன்னு கொட்டற மாதிரி ஒரு தொட்டி! யாரு கூப்புட்டாலும் அக்காவுக்குக் கேக்கவே கூடாதுங்க!"

டீச்சர் முழுவதையும் பொறுமையாகக் கேட்டார்.

"சுவரு எங்க வரும்?"

"இதா, இந்தக் கதவுக்கு நேரா."

"கதவுக்கு அந்தப் பக்கம் என்ன இருக்குது?"

"வீடுங்க."

"உள்ள போய்ப் பாத்தீங்களா?"

நாச்சிமுத்து யோசித்தார். ஒன்றரை மாசமாக வந்து போகிறார். முன்கூடத்தில் தண்ணீர் வாங்கிக் குடித்ததோடு சரி.

"நாளைக்குப் பத்தியை நான் பாத்துக்கறேன்" என்றார் டீச்சர். "நீங்க உள்ள இருங்க."

"உள்ள இருந்து என்னங்க பண்ணட்டும்?"

"துண்டு எங்க இருக்குதுன்னு தெரிஞ்சுக்குங்க. மாமாவையும் கூட வெச்சுக்குங்க."

மறுநாள் ஐந்து மணிக்கு வெளியே பத்தி பற்றியது. வாசனை உள்ளே வந்தது. கூடத்தில் நாச்சிமுத்துவும் பொன்னுச்சாமியும் எதிரெதிரே உட்கார்ந்திருந்தார்கள். இரண்டே நிமிஷம்.

"மரக..." என்று ஆரம்பித்தார் பொன்னுச்சாமி. நாச்சிமுத்து ஒரே தாவில் அவர் வாயைப் பொத்தினார்.

"என்ன வேணுங்க மாமா?"

"காப்பி குடிக்கற நேரமாச்சு மாப்ள."

"வாங்க. நாமளே போடலாம்."

பொன்னுச்சாமி திருதிருவென்று விழித்தார். எழுந்து பின்னாலேயே வந்தார்.

சர்க்கரை எங்கே? ஒரு டப்பாவைத் திறந்தார்கள். துவரம்பருப்பு. இன்னொன்று. ரவை. இன்னொன்று. கடுகு. பதினொரு டப்பா திறந்து பன்னிரண்டாவதில் சர்க்கரை கிடைத்தது. பொன்னுச்சாமிக்குப் புதையல் எடுத்த சந்தோஷம்.

"இந்த வீட்டுல இத்தனை சாமான் இருக்குதுன்னு எனக்குத் தெரியவே தெரியாது மாப்ள!"

"மெதுவாப் பேசுங்க மாமா!"

அடுப்பில் பாலை வைத்தார்கள். அழைப்பு மணி அடித்தது. பொன்னுச்சாமி வழக்கப்படி பின்கட்டைப் பார்த்து வாயைத் திறந்தார், தானே மூடிக்கொண்டார், பூனைபோல நடந்து போய்க் கதவைத் திறந்தார். இஸ்திரிக்காரர்.

"அக்கா இல்லீங்களா?"

"இருக்கறா. உட்கார்ந்திருக்கறா."

இஸ்திரிக்காரருக்கு ஆச்சரியம். "ஒடம்பு செரியில்லீங்களா?"

"ஷ்ஷ்!" என்றார் பொன்னுச்சாமி. துணிமூட்டையை வாங்கிக்கொண்டு வந்து, அதை எங்கே வைப்பது என்று தெரியாமல் நடுக்கூடத்தில் சுற்றினார். அதற்குள் பால் பொங்கியது. நாச்சிமுத்து ஓடிப்போய் அடுப்பை அணைத்தார். போன் அடித்தது. பொன்னுச்சாமி மூட்டையோடு பாய்ந்து எடுத்தார். மரகதத்தின் தங்கை.

"அக்கா அப்பறமாப் பேசுவா. எங்கிட்டச் சொல்லு சாமி... காய்ச்சலா? எப்பருந்து?... மாத்திரை குடுத்தியா?"

கொழுந்தியாளோடு அவர் நாலு வார்த்தை சேர்ந்தாற்போல் பேசியது அன்றுதான். பக்கத்து வீட்டிலிருந்து கறிவேப்பிலை கேட்டு வந்தார்கள். கறிவேப்பிலையைத் தேடிய இடத்தில் முருங்கைக்கீரை கிடைத்தது. அதையே கொடுத்து அனுப்பினார்கள். நாச்சிமுத்து வேர்த்து விறுவிறுத்தார். பின்பக்க ஜன்னலுக்குப் போய் ஒரே ஒரு தடவை எட்டிப் பார்த்துவிட வேண்டும் என்று துடித்தார். ஒவ்வொரு தடவையும் பாதி வழியில் வேறொன்று கூப்பிட்டது. பத்தி எவ்வளவு எரிந்தது, மரகதம் எழுந்துவிட்டாரா, ஒன்றுமே தெரியவில்லை. கல்யாண வீட்டில் மாப்பிள்ளை அழைப்பு வந்துகொண்டிருக்கும்போது மேடையில் கடைசி ஆணி அடிக்கிற அதே பரபரப்பு அவருக்குள் ஓடியது.

பொன்னுச்சாமி படுக்கையறையிலிருந்து வெளியே வந்தார். கையில் துண்டு.

"மாப்ள! அலமாரில எடது பக்கம், மேல இருந்து ரெண்டாவது தட்டு!" முகமெல்லாம் பல். "இனி மறக்க மாட்டேன்!"

காப்பியை ஆற்றி முடித்தபோதுதான் நாச்சிமுத்துவுக்கு உறைத்தது. ஊதுபத்தி வாசனை நின்று வெகு நேரமாகிவிட்டது.

இருவரும் அடிமேல் அடி வைத்துப் பின்கட்டுக்கு வந்தார்கள்.

பத்தி செருகியிருந்த இடத்தில் மூங்கில் குச்சியின் அடி மட்டும் நின்றது. மரகதம் இருக்கையில் இருந்தார். கண் திறந்திருந்தது. கை மடியில் கிடந்தது. தோளில் ஒரு புங்கம்பூ விழுந்திருந்தது, அவர் தட்டிவிடவில்லை. இவர்கள் வந்த சத்தத்துக்கும் திரும்பவில்லை. சுவரோரம் நின்றிருந்த டீச்சர் விரலை உதட்டில் வைத்துக் காட்டினார்.

பொன்னுச்சாமி காப்பி டம்ளரோடு நின்றுவிட்டார். கூப்பிட வாய் வரவில்லை. "இவ இப்படி உட்கார்ந்து நான் ஒரு நாளும் பாத்ததில்ல மாப்ள" என்று கிசுகிசுத்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு, சத்தமில்லாமல் திரும்பி அடுப்படிக்கே போனார். காப்பியைச் சூடு பண்ணி வைக்கிறாராம்.

நாச்சிமுத்துவுக்கு ஒரே சந்தோஷம். கூடவே ஒரு குழப்பமும். டீச்சர் அருகே போய்ச் சன்னக் குரலில் கேட்டார்.

"டீச்சர், இன்னிக்கு நான் ஒரு செடியக்கூடத் தொடலீங்க. இந்தப் பக்கமே வரலீங்க. தெரியாமத்தான் கேக்கறேன், என்ர தோட்டம் எப்படீங்க வந்திருக்குது?"

டீச்சர் மரத்தடியைப் பார்க்கவில்லை. திறந்திருந்த கதவு வழியாக, பன்னிரண்டு டப்பாக்களுக்கு நடுவே தீக்குச்சி உரசிக்கொண்டிருந்த பொன்னுச்சாமியைப் பார்த்தார்.

"அடுப்படியில நெம்ப நல்லா வந்திருக்குதுங்கண்ணா" என்றார்.