வாயில் ஏட்டில் எண்ணெய்க் கறை

மடங்களில் இருப்பவர்கள் உலகத்தைத் துறந்துவிட்டவர்கள் என்றொரு கருத்து நாட்டில் நிலவுகிறது. பெரும் பிழை. தென்காசிப் பக்கத்து மடம் ஒன்று நாளுக்கு இரண்டு ஜிபியைத் துறக்காமல் வைத்திருந்தது.

அதுவும் மாலைக்குள் தீர்ந்துவிடும்.

சீடர் குழந்தைவேலுவுக்கு அறுபத்திரண்டு வயது. சுங்க அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். ஆகவே மடத்தின் வாயிலும் கணினியும் அவர் பொறுப்பு. குரு திலகவதி அம்மை அவரைவிட இருபது வயது இளையவர்.

அன்று பௌர்ணமி, அம்மையின் நேரலை உரை நாள். குழந்தைவேலு காலையிலேயே அவர் முன் வந்து நின்றார்.

"அம்மா, போன பௌர்ணமி நேரலையில 'ஆகவே உண்மை என்பது'ன்னு சொன்னீங்க. டேட்டா தீர்ந்துபோச்சு. திரையில வாயைத் திறந்தபடியே நின்னுட்டீங்க."

"நான் மௌன உபதேசம் செய்ததா நினைச்சாங்களாம். ரொம்பப் பாராட்டினாங்க."

"சிரிக்காதீங்கம்மா. இன்னிக்கும் நின்னா, கணினியை விட்டுட்டு நான் சமையலுக்குப் போயிடறேன்."

"சாப்பிடறவங்களையும் கொஞ்சம் நினைச்சுப் பாருங்க ஐயா."

"எந்தெந்தச் செயலி இணையத்துக்குப் போகுதுன்னு பார்க்க ஒரு காவல் மென்பொருள் போட்டேன். நாற்பத்தொண்ணு போகுது. கால்குலேட்டர்கூட! எல்லாத்தையும் தடுத்துட்டேன். இப்போ பட்டியல் காலி. டேட்டா மட்டும் போய்க்கிட்டே இருக்கு."

அம்மை, "வாயில் ஏட்டைக் கொண்டு வாங்க" என்றார்.

மடத்தை விட்டு யார் வெளியே போனாலும் அதில் பெயர், இடம், காரணம் எழுத வேண்டும். அம்மைக்கும் விலக்கில்லை.

"நேத்து யாரெல்லாம் போனாங்க?"

"சிவகாமி, தபால் நிலையம். நீங்க, பல் மருத்துவர்."

"அவ்வளவுதானா?"

"சுங்கத்துல முப்பது வருஷம்மா. ஓர் ஈ தப்பாது."

அம்மை ஏட்டின் ஓரத்தில் இருந்த எண்ணெய்க் கறையைத் தொட்டு, விரலை முகர்ந்தார்.

"பஜ்ஜி. நம்ம மடத்துல போடறதில்லையே?"

குழந்தைவேலு கையை வேட்டியில் துடைத்துக்கொண்டார்.

"நாலு மணிக்கு... கீழே டீக்கடை வரைக்கும்... காவலுக்கு இருக்கறவன் தன் பேரையே எப்படிம்மா எழுதி..."

நிறுத்தினார்.

பிறகு ஓடினார்.

காவல் மென்பொருளின் அமைப்புகளில், கடைசியில், ஒரு சின்னக் கட்டம் இருந்தது: 'என்னையும் பட்டியலில் காட்டு.' தட்டினார். காலிப் பட்டியலில் ஒரே ஒரு பெயர் வந்தது. நிமிடத்துக்கு ஒரு முறை அது தன் நிறுவனத்துக்கு நீண்ட அறிக்கை அனுப்பிக்கொண்டிருந்தது.

கணினி அறையிலிருந்து வந்த சிரிப்பு பூசைக்கூடம் வரை கேட்டது.

அதையும் தடுத்தார். அன்று மாலை நேரலையில் அம்மையின் வாக்கியம் முடிந்தது.

மறுநாள் ஏட்டில் ஒரு வரி: 'குழந்தைவேலு. டீக்கடை. மாலை நான்கு. காரணம்: வாழைக்காய் பஜ்ஜி.'

அதன் கீழே, அம்மையின் கையெழுத்தில்: 'எனக்கும் இரண்டு.'