முதலாளி கொடுத்த கரும்பலகை

மலை மேலிருந்த துவக்கப்பள்ளிக்கு மில் முதலாளி சௌந்தரபாண்டியன் ஒரு கரும்பலகை கொடுத்தார். சும்மா கொடுத்தாரா? 'கொடைவள்ளல் சௌந்தரபாண்டியன் அன்பளிப்பு' என்று பலகை முழுக்க, இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம்வரை வெள்ளைப் பெயிண்டில் எழுதிக் கொடுத்தார். "என் பேர்மேல ஒரு கோடு விழுந்தாலும் இனி ஒரு பென்சில்கூட வராது" என்று வாத்தியாரை மிரட்டிவிட்டும் போனார். அன்றிலிருந்து பிள்ளைகள் தரையில்தான் எழுதினார்கள். சத்துணவு சமைக்கும் குருவம்மாளுக்கு அதைப் பார்த்து வயிறு எரிந்தது.

ஒருநாள் முதலாளி கல்வி அதிகாரியைக் கூட்டிக்கொண்டு, கறுப்புக் காரில் புழுதி பறக்க வந்து இறங்கினார்.

"நான் கொடுத்த பலகையில பிள்ளைங்க எழுதுறதை ஐயாவுக்குக் காட்டுங்க. ஆனா என் பேர்மேல படக்கூடாது!"

குருவம்மாள் முன்னால் வந்தாள். "நீங்க வாத்தியார் ரூம்ல காபி குடிங்க. நான் எழுத வைக்கிறேன்."

அவர்கள் காபி குடித்துவிட்டு வெளியே வந்தால், காரில் படிந்திருந்த புழுதியில் பிள்ளைகள் விரலால் எழுதிக்கொண்டிருந்தார்கள். கதவெல்லாம் அ, ஆ. பின்பக்கம் முழுக்க வாய்ப்பாடு.

"எவடி என் கார்ல எழுதச் சொன்னது?"

"நான்தான் முதலாளி. உங்க பேர் எழுதாத கரும்பலகை இங்கே இது ஒண்ணுதானே இருக்கு!"

அதிகாரி ஜன்னல் வழியே வகுப்பை எட்டிப் பார்த்தார். பலகையில் எழுத இடமே இல்லாமல் முதலாளி பேர்தான் இருந்தது. கோபத்தில் அதிகாரியின் முகம் சிவந்துபோனது.

டிரைவர் வாளித் தண்ணீரோடு ஓடிவந்தான். குருவம்மாள் கரண்டியோடு குறுக்கே நின்றாள்.

"பாடம் நடக்குது, தம்பி. முதல்ல உள்ளே இருக்கிற பேரை அழிக்கச் சொல்லு. அப்புறம் இதை அழிக்கலாம்."