கவுன்சிலரின் புது சைலன்சர்

எங்கள் வார்டு கவுன்சிலர் தனுஷ்கோடி லேசில் யார் கையிலும் சிக்கமாட்டார். குழாயில் தண்ணீர் வரவில்லை என்று பெண்கள் தேடிப்போனால், பின்வாசல் வழியாக பைக்கில் நழுவிவிடுவார்.

ஒருநாள் மெக்கானிக் பிச்சைக்கனியிடம் புது சைலன்சர் ஒன்றை நீட்டினார்.

"நான் கிளம்பினா பைக் சத்தத்துலயே கடைசித் தெரு வரைக்கும் தெரியணும். இல்லேன்னா உன் கடை இங்க இருக்காது."

"தெரியும்ணே. எல்லாரும் வாசலுக்கே வந்து நிப்பாங்க."

மாட்டிக் கொடுத்தான். சத்தம் கேட்டதுமே தெருவுக்குத் தெரு பெண்கள் காலிக் குடங்களோடு வந்து பைக்கை மறித்தார்கள்.

மறுநாள் கவுன்சிலர் பைக்கைத் தள்ளிக்கொண்டே வந்தார். "பழசையே மாட்டித் தொலைடா."

"மாட்டிடலாம்ணே. முடிச்சிட்டுக் கை கழுவத்தான் தண்ணி இல்ல."

சாயங்காலமே குழாயில் தண்ணீர் வந்தது. பிச்சைக்கனி இரண்டு குடம் பிடித்து வைத்துவிட்டு, ஆற அமர ஸ்பேனரை எடுத்தான்.