பதினோராம் படியின் காற்று

எறும்பும் மனிதரும் பேசிக்கொண்ட காலம் அது, கண்ணுகளா. மலையடி ஊர் ஒன்றில் நயசேனன் என்ற நெசவாளி இருந்தான். அவன் தங்கை விமலை. மந்திரவாதி கருவாயன் கூண்டில் அடைத்து வைத்திருந்த கௌதாரிகளை அவள் திறந்துவிட்டாள்.

"பறவைமேல் அவ்வளவு பாசமா? நீயே பறவையாகு!" என்றான் அவன். விமலை மைனாவானாள்.

"மலையில் பதினாலு படி. பன்னிரண்டாவதில் நீ கால் வைத்தால் அவள் பெண்ணாவாள். விழுந்தாயோ, ஒவ்வொரு தடவையும் அவளுக்கு ஒரு நினைவு போகும்!" என்றான் நயசேனனிடம்.

மைனாவைத் தோளில் வைத்து நயசேனன் ஏறினான். முதல் படியில் கும்மிருட்டு. நாலாவதில் வெளிச்சம் வந்தது. ஏற ஏறப் பாரம் குறைந்தது. பத்தாவதில் உடம்பு பஞ்சாயிற்று. பதினொன்றில் குபீரென்று காற்று. கருவாயன்மேல் இருந்த கோபத்தை நெஞ்சுக்குள் அழுத்தி வைத்திருந்தான் அல்லவா? நீறு பூத்த நெருப்பு. சாம்பல் பறந்தது, நெருப்பு எரிந்தது, உருண்டு அடிவாரத்தில் கிடந்தான். மைனாவுக்கு வீடு மறந்தது.

"பத்து ஏறினாய், பதினொன்றில் சறுக்கினாய்!" என்று கைகொட்டினான் கருவாயன்.

மறுபடி பல்லைக் கடித்துக்கொண்டு ஏறினான்.

"அண்ணா, உன் தோள் சுடுதே! என் கால் வெந்துபோகும்."

"பேசாம வாம்மா."

பத்து ஏறினான், பதினொன்றில் சறுக்கினான். மைனாவுக்குத் தன் பெயரே மறந்தது. இனி மிச்சம் 'அண்ணா' மட்டும்தான்.

நயசேனன் கம்பை எடுத்துக்கொண்டு கருவாயன்மேல் பாய்ந்தான். மந்திரவாதி ஓடப் பார்த்தான், முடியவில்லை. நொண்டினான். இரண்டு முழங்காலிலும் ஆறாத காயம், உருண்டு விழுந்த நயசேனனுக்கு இருப்பது போலவே.

"நீங்களும் ஏறினீங்களா?"

"ஏறினேன்டா, எத்தனையோ தடவை. எனக்குக் கிடைக்காதது எவனுக்கும் கிடைக்கக் கூடாதுன்னு..."

கம்பு கீழே விழுந்தது. நயசேனன் மேல்துண்டில் சுனைத் தண்ணீரை வடிகட்டி அந்த முழங்கால்களைக் கழுவினான்.

"ரொம்ப வலிக்குதா ஐயா?"

"அண்ணா, இப்போ சுடலையே!" என்றது மைனா.

நெஞ்சில் நெருப்பு இல்லை. சாம்பலும் இல்லை. ஏறினான். பத்திலிருந்து எடுத்த கால் நேராகப் பன்னிரண்டில் பதிந்தது. பதினோராம் படி அவன் வழியிலேயே இல்லை!

"இறக்கி விடண்ணா, உன் கழுத்து ஒடியப் போகுது!" தோளில் விமலை உட்கார்ந்திருந்தாள்.

பதிமூன்றாவது படியில் உலகமெல்லாம் அவனுக்கு உள்ளங்கை நெல்லிக்கனி. இன்னும் ஒரே படி. அதற்கப்பால் பிறப்பும் இல்லை, விழுவதும் இல்லை. ஆனாலும் அவன் திரும்பிப் பார்த்தான்.

"ஐயா, நெஞ்சு நெருப்பை மூடி வைக்காதீங்க. அணைச்சுட்டு வாங்க!"

கருவாயன் கண்ணைத் துடைத்துக்கொண்டு முதல் படியில் கால் வைத்தான். விமலை ஓடி இறங்கி அவன் கையைப் பிடித்தாள்.

ஏறுகிறவர் ஏறட்டும், விழுந்தவர் எழட்டும். உங்கள் நெஞ்சிலும் என் நெஞ்சிலும் தணல் இல்லாதிருக்கட்டும், கண்ணுகளா.