பூட்ஸுக்குள் ஒரு ஜார்

நான் சொல்லப்போவதில் ஓர் எழுத்துகூடப் பொய் இல்லை. நம்பிக்கை இல்லையென்றால் கற்பூரத்தை ஏற்றுங்கள், உள்ளங்கையால் அணைத்துச் சத்தியம் பண்ணுகிறேன். பொய்யாக இருந்தால் என் வாயில் மிச்சமிருக்கிற மூன்று பல்லும் இப்போதே உதிரட்டும். உதிரவில்லை, பார்த்தீர்களா? அப்படியானால் கேளுங்கள்.

ருஷ்யாவில் ஒரு ஜார் மன்னர் இருந்தார். எந்த ஜார் என்று கேட்காதீர்கள். அந்த வம்சத்தில் நாலைந்து பெயர்களையே மாற்றி மாற்றி வைத்துக்கொள்வார்கள், எனக்கே குழம்பிவிடும். இவர் ஆள் குள்ளம். சிம்மாசனத்தில் உட்கார்ந்தால் கால் தரையில் படாது. ராஜ்யமோ, இந்தக் கோடியில் ஆட்கள் பல் துலக்கும்போது அந்தக் கோடியில் ராத்திரிச் சாப்பாடு முடிந்து கை கழுவிக்கொண்டிருப்பார்கள், அவ்வளவு பெரிசு. இவ்வளவு பெரிய தேசத்துக்கு இத்தனை சின்ன ராஜாவா என்று யாராவது நினைத்துவிட்டால்? அதற்காகவே தொடை வரைக்கும் ஏறுகிற பூட்ஸ் தைத்துப் போட்டுக்கொண்டார். குதிகால் மட்டும் ஒரு முழம். அவர் நடந்து வந்தால் மூன்று தெரு தள்ளிச் சமோவார் என்கிற தேநீர்ப் பானையில் வெந்நீர் தளும்பும்.

அதே நகரத்தில் அகாஃப்யா என்று நாற்பது வயதுக்காரி ஒருத்தி, மரப்பலகையில் படம் செதுக்கி, மை தடவி, காகிதத்தில் ஒற்றி எடுத்து விற்றுக்கொண்டிருந்தாள். ஒரு நாள் அவள் இரண்டு பூட்ஸ் செதுக்கினாள். வலது பூட்ஸின் விளிம்பில், கிணற்றுக்குள்ளிருந்து எட்டிப் பார்க்கிற மாதிரி, ஒரு குட்டிக் கிரீடம். அவ்வளவுதான் படம். கீழே ஒரு வார்த்தை கிடையாது. ஊர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது.

அந்த ஊரில் எந்தப் படமும் தணிக்கை அலுவலகத்துக்குப் போய்த்தான் கடைக்கு வரும். ஆபத்தான இடத்தை வெட்டி எடுத்துவிட்டு, மிச்சத்தில் முத்திரை குத்திக் கையெழுத்துப் போட்டு அனுப்புவார்கள். மிச்சத்தை விற்கலாம். வெட்டுகிற வேலை எவ்கிராஃப் சீலிச் என்பவருடையது. சீலிச் என்பது அப்பா வழி வந்த பெயர். அங்கே மரியாதையாகக் கூப்பிடுவதென்றால் அதையும் சேர்த்துத்தான் கூப்பிட வேண்டும். வயது அறுபத்திரண்டு. பதினெட்டு வருஷமாக அதே மேஜை, அதே கத்தரி. முத்திரை மையில் வலது கட்டைவிரல் ஊதா நிறமாகவே ஊறிப்போயிருந்தது. மனிதர் சிரித்து யாரும் பார்த்ததில்லை. அவர் மனைவியே பார்த்ததில்லை, பாவம், போய்ச் சேர்ந்துவிட்டாள்.

வெறும் பூட்ஸ்தானே என்று முதலில் முத்திரை குத்தி விட்டுவிட்ட எவ்கிராஃப், ஊர் சிரித்த பிறகு கிரீடத்தை வெட்டினார். ஜனங்கள் வெறும் பூட்ஸைப் பார்த்துச் சிரித்தார்கள். பூட்ஸை வெட்டினார். காகிதத்தில் இருந்த ஓட்டையைப் பார்த்துச் சிரித்தார்கள், அந்த ஓட்டையும் பூட்ஸ் வடிவில்தானே இருந்தது. கோபத்தில், செருப்புக் கடை வாசல்களில் தொங்கிய மரப் பூட்ஸ்களையெல்லாம் கழற்றச் சொன்னார். அவை மாட்டியிருந்த ஆணி மிஞ்சியது. அடுத்த நாள் காலையில் பார்த்தால், ஆணிக்கு எதிரே கூட்டம்.

ஜார் அவரைக் கூப்பிட்டனுப்பினார்.

மன்னர் கத்துவார் என்று எதிர்பார்த்துப் போனார் எவ்கிராஃப். மன்னர் கத்தவில்லை. மேஜை விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றார். சபையில் எப்போதுமே எதையாவது பிடித்துக்கொண்டுதான் நிற்பார். கம்பீரத்துக்காக என்றுதான் எல்லாரும் நினைத்திருந்தார்கள்.

"அந்தச் சிரிப்பு படத்தில் எந்த இடத்தில் இருக்கிறது?" என்று கேட்டார் மன்னர். "எனக்கு அந்த இடம் வேண்டும்."

குளிர்கால முடிவில் வருகிற தோசைத் திருவிழாவின் கடைசி நாள் வரைக்கும் கெடு. அதற்குள் கண்டுபிடிக்காவிட்டால் கம்சாத்கா. கம்சாத்கா என்றால் தேசத்தின் வால்நுனி. போய்ச் சேரவே ஒரு வருஷம். பேச்சுத்துணைக்கு ஆள் வேண்டுமென்றால் கடல் சிங்கத்தைத்தான் தேடிப் போக வேண்டும்.

எவ்கிராஃப் யோசித்தார். சிரிப்பை ஒளித்து வைப்பவளிடமே போய்ச் சேர்ந்தால்தான் வழி பிறக்கும். தாடியை மழித்தார், பழைய கோட்டு ஒன்றை வாங்கி மாட்டிக்கொண்டார், கத்தரியை அதன் உள்துணியில் வைத்துத் தைத்தார். அகாஃப்யாவின் பட்டறைக்குப் போய்த் தன் பெயர் ப்ரோஹோர் என்றும், கையுறைக் கடையில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவன் என்றும், கடைசிக் காலத்தில் படக்கலை கற்க ஆசை என்றும் சொன்னார்.

அகாஃப்யா அவர் முகத்தைப் பார்த்தாள். கையைப் பார்த்தாள். கொஞ்சம் அதிக நேரம் பார்த்தாள். பிறகு ஒரு முயல்காலை எடுத்துக் கொடுத்து, அந்தச் சட்டியில் சிவப்பு இருக்கிறது, உட்காருங்கள் என்றாள். அந்தத் தொழிலில் முயல்கால்தான் தூரிகை.

அன்றே கேட்டுவிட்டார்.

"ஆசானே, படத்தில் சிரிப்பு எந்த இடத்தில் இருக்கிறது?"

"வர்ணம் காய்கிறது, ப்ரோஹோர்."

மறுநாளும் கேட்டார். அவள் அவர் கையில் விறகுக் கோடரியைக் கொடுத்துக் கொல்லைப்பக்கம் அனுப்பினாள். அதற்கு மறுநாள் ஒரு கிண்ணம் முட்டைக்கோஸ் சூப்பைக் கொடுத்தாள். இதிலே ஏதோ தத்துவம் இருக்கிறது என்று எவ்கிராஃப் சூப்பைக் கரண்டியால் கிளறிக் கிளறிப் பார்த்தார். அவள் எட்டிப் பார்த்து, உப்பு போதவில்லையா என்று கேட்டாள்.

ஆறு வாரம் ஓடியது. எவ்கிராஃபுக்கு வர்ணம் வசப்படவில்லை. முயல்கால் வைத்த இடத்தில் நிற்காது. சிவப்பு வர்ணம் கோட்டைத் தாண்டி வழிந்து, சேவலின் கொண்டை பக்கத்து வீட்டுக் கூரை வரைக்கும் போய்விடும். பதினெட்டு வருஷமாக ஒரு மயிரிழைகூடக் கோட்டைத் தாண்டவிடாத மனிதர் அவர். பதறிப்போய்த் துடைப்பார். அவள் துடைக்க விடமாட்டாள். சேவல் கூவுகிற சத்தம் அது வரைக்கும் கேட்கும்தானே என்பாள்.

அவருக்கே தெரியாமல் ஒன்று நடந்துகொண்டிருந்தது. காலையில் எழுந்ததும் கம்சாத்கா ஞாபகம் வருவதற்கு முன்னால் அந்த மர வாசனை ஞாபகம் வந்தது. அவள் உளி பிடிக்கிறபோது நாக்கை ஓரமாகத் துருத்திக்கொள்வது, பாதி செதுக்கின மந்திரியிடம் "மூக்கைக் காட்டுங்கள் பிரபுவே, ஓடாதீர்கள்" என்று பேசிக்கொண்டிருப்பது எல்லாம் அவருக்குப் பிடித்துப்போனது. ஒரு நாள் அவள் இல்லாத நேரத்தில் கரித்துண்டு எடுத்து ஒரு பூட்ஸ் வரைந்து பார்த்தார். பூசணிக்காய் மாதிரி வந்தது. அதை அவர் வெட்டவில்லை. மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

தோசைத் திருவிழா வந்தது. ஈஸ்டருக்கு முன்னால் வருகிற பெரிய நோன்புக்கு முந்தின வாரம் அது. ஊரே வட்ட வட்டமாகத் தோசை சுட்டு, வெண்ணெயில் முக்கித் தின்று தீர்க்கும். கடைசி நாள் காலையில் எவ்கிராஃப் பட்டறையில் அவள் முன்னால் போய் நின்றார்.

"ஆசானே, நான் ப்ரோஹோர் இல்லை."

"தெரியுமே, எவ்கிராஃப் சீலிச்," என்றாள் அகாஃப்யா, உளியிலிருந்து கண்ணெடுக்காமல். "என் படங்கள் ஒவ்வொன்றிலும் பதினெட்டு வருஷமாக அந்த ஊதாக் கட்டைவிரல் ரேகை இருக்கிறது. உங்கள் கையெழுத்தும்தான். அழகான கையெழுத்து."

தெரிந்துமா சேர்த்துக்கொண்டீர்கள் என்று கேட்டார். என் படத்தை இத்தனை கவனமாகப் பார்த்தவர் ஊரில் வேறு யார் இருக்கிறார்கள் என்றாள் அவள்.

எவ்கிராஃப் எல்லாவற்றையும் கொட்டிவிட்டார். மன்னர், கெடு, கம்சாத்கா, கடல் சிங்கம். இன்று சாயங்காலத்துக்குள் அந்த இடத்தைச் சொல்லியாக வேண்டும். சொன்னால் உங்கள் தொழில் போகும், சொல்லாவிட்டால் நான் போவேன் என்றார்.

அவள் மேஜை இழுப்பறையைத் திறந்து கத்தரியை எடுத்து நீட்டினாள். அவருடைய கத்தரி. கோட்டின் உள்துணியில் வைத்துத் தைத்திருந்தாரே, அதேதான்.

"முனை மழுங்கியிருந்தது. சாணை பிடித்து வைத்தேன்," என்றாள். கூடவே பூட்ஸ் படம் ஒன்றையும் கொடுத்தாள். "சந்தைக்குப் போங்கள். எல்லார் முன்னாலும் தேடிப் பாருங்கள்."

எவ்கிராஃப் சந்தையில் ஒரு கவிழ்த்த பீப்பாய் மேல் ஏறி நின்றார். கிரீடத்தை வெட்டினார். நாலு பேர் சிரித்தார்கள். வலது பூட்ஸை வெட்டினார். ராஜா நொண்டுகிறார் என்று ஒருத்தன் சொல்ல, நாற்பது பேர் சிரித்தார்கள். இடது பூட்ஸையும் வெட்டினார். ஆள் தப்பி ஓடியே போய்விட்டார் என்றது கூட்டம். ஓரத்துச் சட்டத்தை வெட்டினார், வெறும் காகிதத்தை வெட்டினார், கடைசியில் கையில் கத்தரி தவிர ஒன்றும் இல்லை. சந்தையே குலுங்கிக்கொண்டிருந்தது. ஒரு வண்டிக்காரன் முன்னால் வந்து தன் முகத்தை நீட்டினான்.

"ஐயா, இந்த மூக்கையும் கொஞ்சம் பாருங்கள். ராஜா ஜாடை தெரிந்தால் இதையும் எடுத்துவிடுங்கள்."

அப்போது எவ்கிராஃபின் தொண்டையில் 'ஹுக்' என்று ஒரு சத்தம் கிளம்பியது. விக்கல் என்று நினைத்தார். வாயைப் பொத்திக்கொண்டு பட்டறைக்கு ஓடி வந்தார்.

"எல்லாவற்றையும் வெட்டிவிட்டேன். இன்னும் சிரிக்கிறார்கள். எனக்கும் தொண்டையில் என்னவோ பண்ணுகிறது."

அகாஃப்யா தண்ணீர் கொடுத்தாள். பிறகு இன்னொரு படத்தைக் கொடுத்தாள்.

"கத்தரியை இங்கே வைத்துவிட்டுப் போய் வாருங்கள்."

எவ்கிராஃப் மறுபடியும் பீப்பாய் மேல் ஏறினார். முழுப் படத்தை இரண்டு கையாலும் விரித்துப் பிடித்தார். பூட்ஸும் கிரீடமும், ஒரு நூல்கூட வெட்டாமல். வண்டிக்காரன் பார்த்தான். பூட்ஸ்தானே, போன வருஷமே பார்த்தாயிற்று என்று போய்விட்டான். கூட்டம் கொஞ்சம் காத்துப் பார்த்துவிட்டுத் தோசைப் பக்கம் நகர்ந்தது. கால்மணி நேரம் அப்படியே நின்றார். பனி அவர் தோளில் உட்கார ஆரம்பித்தது.

தோசை சுடுகிறவள் ஒருத்தி மட்டும் கையில் வெண்ணெயோடு வந்து நின்று, படத்தை வெகுநேரம் பார்த்தாள்.

"பாவம், சின்ன மனுஷன்," என்றாள். "அந்தக் குதிகாலில் நாள் பூரா நின்றால் கால் என்னத்துக்கு ஆகும்? எங்கள் வீட்டுக்காரர் புதுச் செருப்பு போட்ட அன்றைக்கு என்ன பாடு படுத்தினார் தெரியுமா?" அவருக்கும் ஒரு தோசை கொடுத்தாள், குளிரில் நிற்கிறீர்களே என்று.

எவ்கிராஃப் தோசையைத் தின்னாமல் கையில் பிடித்தபடியே பட்டறைக்குத் திரும்பி வந்தார். நடந்ததைச் சொன்னார். கத்தரி மேஜை மேல் இருந்தது. அவர் அதைத் தொடவில்லை.

மன்னரிடம் இந்த விஷயத்தைச் சொன்னால் இனி எதையும் வெட்ட மாட்டார்கள், வெட்டாவிட்டால் யாரும் சிரிக்க மாட்டார்கள், அப்புறம் நீங்கள் எதைச் செதுக்குவீர்கள் என்று கேட்டார். மந்திரிகள் பதினாலு பேர் மிச்சம் இருக்கிறார்கள், கவலைப்படாதீர்கள் என்றாள் அகாஃப்யா. அவர் கையிலிருந்த தோசையில் பாதியைப் பிய்த்துத் தின்றாள்.

"ஆசானே, சாயங்காலம் மன்னர் முன்னால் நின்று நான் என்ன சொல்லட்டும்?"

அகாஃப்யா விரலில் ஒட்டிய வெண்ணெயைத் துடைத்துக்கொண்டாள்.

"ஒன்றும் சொல்ல வேண்டாம். அவருக்குக் கால் வலிக்கிறதா என்று கேளுங்கள்."

எவ்கிராஃப் மிச்சமிருந்த பாதித் தோசையைத் தின்றார். பிறகு கோட்டை மாட்டிக்கொண்டார். கத்தரி மேஜையிலேயே இருந்தது.

அரண்மனையில் மன்னர் மேஜையைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். எவ்கிராஃப் கேட்டார். மன்னர் காவலாளிகளை வெளியே போகச் சொன்னார். கதவைச் சாத்தச் சொன்னார். பிறகு நாற்காலியில் ஏறி உட்கார்ந்து, ஒரு காலை மெல்ல முன்னால் நீட்டினார்.

"இடது கால்தான் அதிகம்," என்றார்.

அந்த வருஷம் கம்சாத்காவுக்குப் போன வண்டியில் ஓர் இருக்கை காலியாகவே போனது. அகாஃப்யாவின் படங்களில் சிவப்பு மட்டும் ஏனோ வருஷக்கணக்காகக் கோட்டைத் தாண்டியே வழிந்துகொண்டிருந்தது.

கதவைச் சாத்திய பிறகு அந்த அறையில் இருந்தது இரண்டே பேர். இரண்டு பேருமே இதை வெளியே விட்டிருக்க மாட்டார்கள். அப்படியிருக்க உனக்கு எப்படித் தெரியும் என்றுதானே கேட்கப் போகிறீர்கள்? அதைக் கேட்காதீர்கள். யாராவது உங்களிடம் கேட்டால், சந்தையில் ஒரு தோசைக்காரி சொன்னாள் என்று சொல்லுங்கள். என் பெயரை மட்டும் இழுக்காதீர்கள். இந்த மூன்று பல்லும் எனக்கு இன்னும் வேண்டும்.