முன்கூட்டியே எழுதிய சார்ட்

"ஏட்டி, இருட்டுல வச்ச பயறு எப்படிட்டி வெளிச்சத்துல வச்சதைவிட ஒசரமா வளரும்?"

ஜெபசெல்வி டீச்சர் தலையில் கை வைத்துக்கொண்டார். அறிவியல் கண்காட்சியைப் பார்வையிட இன்னும் கால் மணி நேரத்தில் அதிகாரி வந்துவிடுவார்.

"தெரியல டீச்சர். வளந்திருக்கு," என்றாள் நாலாம் வகுப்பு தங்கமாரி.

பயறு முளைத்த இரண்டு தேங்காய்ச் சிரட்டைகள். ஜன்னலோரம் வைத்தது பச்சையாய், குட்டையாய் நின்றது. அரிசி டின்னுக்குள் பத்து நாள் மூடி வைத்தது வெளுத்துப்போய், அதைவிட இரண்டு மடங்கு நீண்டிருந்தது.

சார்ட்டிலோ, 'இருட்டில் செடி வளராது' என்று முத்து முத்தாக எழுதியிருந்தது. டீச்சரின் கையெழுத்து. எல்லாப் பிள்ளைகளுக்கும் அவர்தான் எழுதித் தருவார், அதுவும் கண்காட்சி அறிவித்த அன்றைக்கே. முடிவை எழுதி ஒட்டிவிட்டால் பாதி வேலை ஒழிந்ததல்லவா! பத்தொன்பது வருஷமாக இப்படித்தான் நடக்கிறது. எந்தச் செடியும் எதிர்த்துப் பேசியதில்லை.

"நுனியைக் கிள்ளி விட்டுரு."

"மாட்டேன்."

"அப்போ உனக்கு மேசை கிடையாது."

தங்கமாரி சிரட்டைகளைத் தூக்கிக்கொண்டு போய் வாசற்படியில் நட்டநடுவே உட்கார்ந்தாள். உள்ளே கடையில் வாங்கிய மூன்று எரிமலை மாதிரிகள் நுரை கக்கிக்கொண்டிருந்தன. வந்த அதிகாரி அவளைத் தாண்டாமல் உள்ளே போக முடியவில்லை.

"சார்ட் எங்கம்மா?"

"தப்பா எழுதிருக்கு சார். அதான் கொண்டாரல."

"யார் எழுதினது?"

அவள் குனிந்து சிரட்டைகளை நேராக்கி வைத்தாள். அதிகாரியை வரவேற்க வாசலுக்கு வந்திருந்த டீச்சருக்கு அவமானமாக இருந்தது. அதைவிட ஆத்திரமாக வந்தது, யார் மேல் என்றுதான் தெரியவில்லை.

"நான்தான் சார்," என்றார்.

"செடியைப் பாக்காமலா?"

"பயறு ஊறப்போடுறதுக்கு முன்னாலயே."

அதிகாரி சிரித்துவிட்டார். தங்கமாரி பக்கம் குனிந்தார். "சரி, நீ சொல்லு. இருட்டுல வச்சது ஏன் ஒசந்துச்சு?"

"தெரியல சார்."

"ஒண்ணும் தெரியாமலா கண்காட்சிக்கு வந்த?"

"தெரிஞ்சிருந்தா எதுக்கு சார் நட்டுப் பாக்கணும்?"

டீச்சர் விறுவிறுவென்று உள்ளே போனார். சுவரில் ஒட்டியிருந்த சார்ட்டுகளை ஒவ்வொன்றாகக் கிழிக்க ஆரம்பித்தார்.

"டீச்சர், டீச்சர், அது என்னோடது!" என்று எரிமலை வைத்திருந்த ஒருவன் அலறினான்.

"இல்லலே," என்றார் டீச்சர். "எல்லாம் என்னோடதுதான்."